ஆடிட்டுக்குப் போன நூலகம்

முனைவர் பட்டத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு அத்தியாயம் நின்றது. பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே என்ன எழுதினார்கள் என்பதுதான் அந்த அத்தியாயம். எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் திருப்பூரில் சில தொழிலாளர்கள் கைக்காசு போட்டு ஒரு மாத இதழ் நடத்தினார்கள். அதன் தொகுப்பு நான் விசாரித்த வரையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அனுப்பர்பாளையத்துப் பக்கம் ஒரு சந்தில், ஒரு சின்னத் தொழிலாளர் படிப்பகத்தில். எங்கள் பல்கலைக்கழக நூலகத்திலும் சமூகவியல் என்று ஓர் அலமாரி உண்டு. அதில் பாதி போட்டித் தேர்வு கைடுகள்.

"மூல ஆவணத்தைப் பாக்காம எழுதின அத்தியாயத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா" என்று என் நெறியாளர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான், அன்றைக்கு. பதிவுக் காலம் முடியப் போகிறது, இன்னொரு நீட்டிப்பு கிடையாது. பட்டம் வந்தால்தான் நான் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் என்னை நிரந்தரமாக்குவார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு அனுப்பி, ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள், கூப்பிட்டால். ஒரு வாரம் விடுப்பு கேட்டேன். முதல்வர் ஏதோ தன் சொத்தில் பங்கு கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தார்.

கிளம்பும் முன் படிப்பகத்துக்குப் போன் செய்தேன். "இருக்குதுங்க அம்மிணி, அத்தனையும் பைண்டு பண்ணி வெச்சிருக்கறமுங்க. எப்ப வேணாலும் வாங்க" என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் பழனிச்சாமி. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

திருநெல்வேலியில் ஏறிய கோயமுத்தூர் பஸ், தாராபுரம் தாண்டி, விடியற்காலையில் குண்டடத்தில் படுத்துவிட்டது. பல்லடத்தில் இறங்கி மாறுவதாக என் திட்டம். கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, டிரைவரோடு பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டார். எங்கள் ஊர்ப்பக்கமாக இருந்தால் இந்நேரம் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இன்ஜினைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நின்று காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தார்கள்.

டீக்கடைக்காரம்மா என் பையையும் முகத்தையும் பார்த்தார். "தெக்கத்தி அம்மிணிங்களா? கம்பெனிக்கு வேலைக்கு வந்தீங்களாக்கும்?"

"இல்லம்மா. லைப்ரரிக்கு வந்தேன்."

"லைப்ரரிங்களா, அது எந்தக் கம்பெனிங்க?"

நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவரே அங்கே வந்த ஒரு கம்பெனி வேனைக் கைகாட்டி நிறுத்தி, "ஏனுங்க, இந்த அம்மிணியத் திருப்பூர்ல உட்டுருங்க, புதுசா வேலைக்கு வந்துருக்குறாங்க" என்று ஏற்றிவிட்டார். சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து பெண்களை ஏற்றிப் போகும் வேன் அது. உள்ளே எல்லோரும் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் தோளில் சாய்ந்து, திருப்பூர் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினாள். தொழிலாளர்களைப் பற்றி ஐந்து அத்தியாயம் எழுதியவளுக்கு, ஒரு தொழிலாளி இவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. தோள் மரத்துப்போனது. எழுப்ப மனம் வரவில்லை.

அங்கேரிபாளையத்தில் மரியபுஷ்பம் அக்கா வீட்டில் தங்கினேன். உடன்குடியில் எங்கள் தெருக்காரி. கணவர் தவறிய பிறகு இங்கே வந்து, ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் செக்கிங். மகள் ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரே வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் அக்காவுடையது கடைசி. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் மாதா படம், நடுவில் நாங்கள் இரண்டு பேர்.

"ஏட்டி செல்வி, இப்படி எளச்சிப் போயிட்டியே. படிச்சுப் படிச்சு என்னத்தக் கண்ட?" என்று கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் கருவாடு சமைக்க வேண்டும். வீட்டுக்காரர் சுத்த சைவம், வாசனை வந்தால் மிக மிக மரியாதையாக வந்து காலி பண்ணச் சொல்வார். பக்கத்து வீட்டுக் கொங்குப் பெண் ஒரு கிண்ணத்தில் அரிசியும் பருப்பும் போட்டுச் செய்த சோறு கொண்டுவந்து கொடுத்தாள். நெய் மணக்க நன்றாக இருந்தது. கருவாட்டுக் குழம்போடு அதைச் சாப்பிட்டதை அவளிடம் சொல்லவில்லை.

மத்தியானமே படிப்பகத்துக்குக் கிளம்பிவிட்டேன். கீழே பித்தளைப் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறை, மேலே படிப்பகம். மாடிப்படி முழுக்கக் கறுப்புத் தூசி. பழனிச்சாமி வேட்டியை இறக்கிவிட்டு, கும்பிட்டு, உட்காரச் சொன்னார். அறுபதைத் தாண்டியவர். உட்கார ஒரு பெஞ்ச் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. அலமாரிகள் இருந்த இடத்தில் சுவரில் சதுரம் சதுரமாக வெளுப்பு. புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"புஸ்தகமெல்லாம் எங்கங்க?"

"கம்பெனிக்குப் போயிருக்குதுங்க."

"பைண்டிங் கம்பெனிக்கா?"

"இல்லீங்க, பனியன் கம்பெனிக்குத்தானுங்க. ஆடிட்டுங்களே இப்ப."

நான் முழித்ததைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொடுக்கும் பையர்கள், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிக்குக் குடிதண்ணீர் உண்டா, முதலுதவிப் பெட்டி உண்டா, குழந்தைகள் காப்பகம் உண்டா, நூலகம் உண்டா என்று கேட்பார்கள். எல்லாக் கம்பெனியும் நூலகம் கட்ட முடியுமா? ஆகவே யாரோ ஒரு புத்திசாலி இந்தப் படிப்பகத்தைக் கண்டுபிடித்தார். ஆடிட் வரும் கம்பெனி டெம்போ அனுப்பும். அலமாரி, புத்தகம், சுவர்க் கடிகாரம், 'அமைதி காக்கவும்' போர்டு உட்பட எல்லாம் ஏறிப் போகும். படிப்பகத்துக்கு ஒரு நன்கொடை கிடைக்கும். அந்த நன்கொடையில்தான் இந்த அறைக்கு வாடகை கட்டுகிறார்கள்.

"அப்ப புஸ்தகம் வெளிய இருந்தாத்தான் இந்த ரூமுக்கு வாடகை வரும். உள்ள இருந்தா வராது."

"ஆமாங்க அம்மிணி" என்றார், நான் சரியாகப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகம் திரும்ப எப்போது வரும் என்றால், சீசன் முடிந்துதான் என்றார். இப்போது எந்தக் கம்பெனியில் என்று கேட்டதற்கு மட்டும் ஒரு பெயர் சொன்னார், அவிநாசி ரோட்டில்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனிக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் ஏறினேன் என்று சொல்ல முடியாது, ஏற்றப்பட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் கூட்டம் என்னை வெளியே விட்டது. அந்த வருஷம்தான் பவர்கட் ஆரம்பித்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜெனரேட்டர்கள் கதற, நடந்து திரும்பி வந்தேன். நொய்யல் பாலத்தை முதல் நாளே தாண்டியிருந்தேன். ஆற்றின் நிறத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு. எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆறு அப்படியேதான் இருக்கிறது.

கேட்டில் நின்ற காவலாளி வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தி பள்ளிக்கூடத்துப் பரீட்சையோடு போய்விட்டது. இருந்தாலும் அவர் சொன்னது புரிந்தது.

"புத்தகமா? முந்தாநாள் சாயந்தரமே போய்விட்டது. பொம்மைகளும் போய்விட்டன. குழந்தைகளும் போய்விட்டார்கள்."

"எந்தக் குழந்தைகள்?"

"ஆடிட்டுக்கு வந்த குழந்தைகள். நல்ல குழந்தைகள். அழவே இல்லை."

அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போயிற்று என்று உள்ளே ஆபீசில் கேட்டேன். "எங்களுக்குத் தெரியாதுங்க மேடம், டெம்போக்காரருக்குத்தான் தெரியும்" என்றார்கள். டெம்போக்காரரின் செல்போன் அணைந்து கிடந்தது. பழனிச்சாமிக்குப் போன் செய்தால், "சொல்லாமத் தூக்கிக் குடுத்துட்டாங்களா, இருங்க விசாரிக்கிறனுங்க" என்றார். அன்றைக்கு முழுக்க விசாரித்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டேன். ஓனர் சங்கரன்கோவில்காரர், சப்ளையர் ஒரிசாக்காரர், எதிரே சாப்பிட்டவர் தேனிக்காரர். தேடி வந்த புத்தகத்தைத் தவிர எல்லா ஊரும் கிடைத்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் தேவலை என்றிருந்தது. எல்லோரும் மரியாதையாகப் பேசிப் பேசியே அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, குழாயில் தண்ணீர் வந்தது. காம்பவுண்டில் எல்லாக் குடங்களும் வரிசையில் நின்றன. முந்தைய நாள் புஷ்பம் அக்கா ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன். இப்போது அவள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நாங்க பனியனே பாக்கல, கேட்டியளா. புஸ்தகம் பாத்தோம்! செக்கிங் டேபிள் பூரா புஸ்தகம். சூப்பர்வைசர் வந்து, 'நாளைக்கு ஆடிட்டு, ஒண்ணுகூட அழுக்கா இருக்கப்படாது, பாத்து எடுங்க'ன்னு சொல்லிட்டாரு. பெறவு என்ன, பனியனைப் பாக்க மாதிரியே பாத்தோம். கிழிஞ்சதைத் தனியா வச்சோம், கறை பட்டதைத் தனியா வச்சோம்."

பெண்கள் சிரித்தார்கள். என் குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

"எக்கா, பெரிய பெரிய பைண்டு ஏதும் இருந்துச்சா?"

"இருந்துச்சே. நாலஞ்சு. தொட்டா மாவா உதிருது, மஞ்சளா மஞ்சளா. கறை எடுக்க மருந்தடிக்கிற ஸ்ப்ரே கன்ன வச்சு அடிச்சுப் பாத்தேன், கறையோட எழுத்தும் சேந்து போயிட்டு. அயனிங்ல குடுத்துப் பாத்தேன், அந்தத் தாளு நொறுங்கிட்டு. அதுக்குமேல அதை எதுக்கு வைக்க? ரிஜெக்ட்ல போட்டுட்டேன்."

"மேல என்ன எழுதியிருந்துச்சு?"

"பனியன் தொழிலாளர்னு என்னமோ போட்டிருந்து." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, என்னட்டி?"

அவள் வேலையில் பிசகு சொல்ல முடியாது. மஞ்சள் பூத்தது, கிழிந்தது, உதிர்வது எதுவும் வெளியே போகக் கூடாது என்று வருஷக் கணக்கில் பழக்கப்பட்ட கண். அந்தக் கண்ணிடம் ஒரு நூலகத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பாவம் என்று தெரிந்தும் வந்தது. அன்றைக்குக் காலை டீயை அவள் கையில் இருந்து நான் வாங்கவில்லை.

அவளோடு கம்பெனிக்கு ஓடினேன். மனிதவள அதிகாரி மனோகருக்கு முப்பது வயது இருக்கலாம், கழுத்தில் டை, கையில் இரண்டு போன். "ஏனுங்க மேடம், என்ன கோளாறுங்க?" என்று கேட்டுக்கொண்டே என்னை நூலகத்துக்குள் தள்ளிவிட்டார். ஆடிட்டர் எந்த நிமிஷமும் வரலாம், வாசலில் வெளியாள் நின்று சத்தம் போடுவதை அவர் விரும்பவில்லை.

நான் தேடிவந்த நூலகத்தை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். பேக்கிங் செக்சன் அதற்கு இறுதி வடிவம் கொடுத்திருந்தது. புத்தகங்களை அளவு வாரியாக அடுக்கியிருந்தார்கள். மேல் தட்டில் ஸ்மால், அதற்குக் கீழே மீடியம், லார்ஜ், அடித்தட்டில் எக்ஸ்ட்ரா லார்ஜ். ஒவ்வொரு தட்டிலும் நிறம் மாற்றி மாற்றி, சிவப்பு, நீலம், பச்சை, மறுபடி சிவப்பு. அட்டைப் பெட்டியில் பனியன் அடுக்கும் அதே கணக்கு. தலைப்பு, ஆசிரியர், துறை எல்லாம் யாருக்கு வேண்டும்? ஒவ்வொரு புத்தகமும் ஒரு பாலிதீன் பைக்குள் இருந்தது. பையின் மேல், இதைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை.

"ரிஜெக்ட் பண்ணின புஸ்தகமெல்லாம் எங்க சார்?"

"நேத்து சாயந்தரமே வேஸ்ட் வண்டில போயிருக்குமுங்க மேடம். கட்டிங் வேஸ்டோட."

"அது உங்க சொத்து இல்ல சார். இரவல் வாங்கிட்டு வந்தது."

"தெரியுமுங்க மேடம். புதுசா நாலு புஸ்தகம் வாங்கிக் குடுத்தர்றனுங்க. நெம்பப் பழசுதானுங்களே அது?" உண்மையிலேயே பெருந்தன்மையாகத்தான் சொன்னார். "வேஸ்ட் குடோன் அட்ரஸ் நானே எழுதித் தர்றேன். ஆடிட் முடியட்டும். அதுவரைக்கும் கேட் திறக்க மாட்டாங்க. வந்ததே வந்தீங்க, சித்த உக்காந்து படிச்சுட்டு இருங்க, ஆளிருந்தாப்ல இருக்கும்."

உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. பையைக் கிழிக்காமல் மேசையில் வைத்துக்கொண்டேன்.

ஆடிட்டர் வெள்ளைக்காரர் இல்லை. வடக்கே ஏதோ நகரத்தில் இருந்து வந்தவர், ஆங்கிலம் மட்டும் பேசினார். கூடவே மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண். அவர்களுக்குப் பின்னால் பேட்டிக்காக வரிசையில் நிறுத்தப்பட்ட தொழிலாளர்கள், அதில் புஷ்பம் அக்கா. முந்தைய நாளே யார் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆடிட்டர் அக்காவைக் கேட்டார். "ஓய்வு நேரத்தில் இந்த நூலகத்துக்கு வருவது உண்டா?"

"ஆமா சார், தினமும் வருவேன்."

"இங்கே எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தீர்கள்?"

இந்தக் கேள்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் இல்லை போலிருக்கிறது. மனோகரின் முகம் வெளுத்தது. அக்கா அலமாரிகளை ஒரு முறை பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "எல்லாப் புஸ்தகத்தையும் எடுத்தேன் சார். ஒண்ணு விடல."

சென்னைப் பெண் அதை, எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஆக்கினாள். ஆடிட்டர் புருவத்தை உயர்த்தி எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் யார், இங்கே அடிக்கடி வருவேனா?

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. இந்த அலமாரி இரவல், கடிகாரம் இரவல், தொழிலாளர்கள் எழுதிய ஒரே இதழை நேற்றுக் குப்பையில் போட்டார்கள் என்று. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குப்பையில் போட்டது யார் என்று கேட்டால் விரல் மனோகர் பக்கம் திரும்பாது, செக்கிங் டேபிள் பக்கம்தான் திரும்பும். மகளின் விடுதிக் கட்டணம் அவள் கையில் இருந்துதான் போகிறது.

"நான் ஆராய்ச்சி மாணவி. இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"பிரமாதம்" என்றார் ஆடிட்டர். வெளியே இருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வந்து பயன்படுத்துகிறார்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். மனோகர் அதற்குப் பிறகு எனக்கு இரண்டு முறை காபி அனுப்பினார்.

சாயந்தரம் குடோனுக்குப் போனேன், பல்லடம் ரோட்டில். போன் செய்து பழனிச்சாமியையும் வரச் சொல்லியிருந்தேன். மலைமாதிரி துணித் துண்டுகள். தாளெல்லாம் அன்று காலையிலேயே கணியூர்ப் பக்கம் ஓர் அட்டை மில்லுக்குப் போய்விட்டது என்றார்கள். பழனிச்சாமி ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனையோ தரம் போயிட்டு வந்திருக்குதுங்க அம்மிணி, ஒண்ணும் ஆகிலீங்க. வாடகை கட்டோணும், இல்லீன்னா ரூமக் காலி பண்ணச் சொல்றாங்க, நான் என்னங்க பண்றது?" பிறகு, "நானும் அதுல எழுதியிருக்கறனுங்க, மூணு நாலு தரம்" என்றார்.

"என்ன எழுதினீங்க ஐயா?" சட்டென்று பேனாவை எடுத்தேன். பாழாய்ப்போன பழக்கம்.

யோசித்தார். தலையை ஆட்டினார். "ஞாபகமில்லீங்க. அதுலதான் எழுதி வெச்சிருக்குதே, நாம எதுக்கு ஞாபகம் வெக்கோணும்னு உட்டுட்டனுங்க."

அடுத்த நாள் விடிந்ததும் உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து மடத்துக்குளம் பஸ்ஸைப் பிடித்து, கணியூருக்குப் போனேன். பச்சையான வயலும் தென்னையும் வந்ததும் கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. மனசுக்கு இல்லை. பஸ்ஸில் ஒருவர் வாழைத்தாரைக் காலடியில் வைத்து, "காலத் தூக்கி மேல வெச்சுக்குங்க அம்மிணி, பரவால்லீங்க" என்றார். வாழைத்தார் மேல் கால் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மில் மேஸ்திரி விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். பின்னால் இருந்த தொட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய தொட்டியில் சாம்பல் நிறத்தில் கூழ் சுற்றிக்கொண்டிருந்தது.

"நேத்து மத்தியானமே ஊறப் போட்டாச்சுங்க. நெம்பப் பழைய தாளுங்க அது, சீக்கிரமாக் கரைஞ்சுருச்சு."

"இதுல என்ன செய்வீங்க?"

"அட்டைங்க. பனியன் மடிச்சு உள்ள வெப்பாங்களே, வெறப்பா நிக்கறதுக்கு, அந்த அட்டை. எல்லாந் திருப்பூருக்குத்தான் போகுதுங்க."

தொட்டி ஓரத்தில் நின்று அழுதேன். மேஸ்திரி பதறிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவருக்கு ஒரு யோசனையும் தோன்றியது. "பழைய பேப்பர்தானுங்களே வேணும்? அக்கட்ட குடோன்ல நெம்பக் கெடக்குதுங்க. உங்குளுக்கு எது புடிக்குதோ எடுத்துட்டுப் போங்க, காசு வேண்டாமுங்க." போய்ப் பார்த்தேன், வெட்கமில்லாமல். ஒரு மூட்டை விடாமல் பிரித்தேன். பரீட்சைத் தாள்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஜோசியப் புத்தகங்கள். நான் தேடியதில் ஒரு பக்கம்கூட இல்லை.

திரும்பி வந்து பையைக் கட்டும்போது புஷ்பம் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "செல்வி, எம்பேர்ல ஒண்ணும் வராதுல்லா?"

"வராதுக்கா."

"நீ தேடி வந்ததுன்னு தெரிஞ்சிருந்தா சேலைக்குள்ள சுருட்டியாவது கொண்டாந்திருப்பேன்ட்டி." கருப்பட்டி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், உடன்குடியில் இருந்து வந்த கருப்பட்டியை உடன்குடிக்காரிக்கே. அதை வாங்கிக்கொண்டேன். அவளைக் கட்டிப்பிடிக்க நினைத்தேன், கை எழவில்லை.

ஊருக்கு வந்து நெறியாளரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, போனது போச்சு. பாத்ததா எழுதிரு. இதழ், மாசம், பக்கம்னு போட்டுரு. யாரு திருப்பூர் போய்ச் சரிபாக்கப் போறா?" என்றார்.

மாட்டேன் என்றேன். யோக்கியத்தைக் காட்ட அல்ல. பழனிச்சாமிக்கே நினைவில்லாத ஒன்றை நான் எப்படி எழுதுவது? நெறியாளர் தோளைக் குலுக்கிவிட்டு, அந்த அத்தியாயம் இல்லாமலே கையெழுத்துப் போட்டார். மூல ஆவணம் போதவில்லை என்று ஆய்வேடு திரும்பி வந்தது. திருத்தித் திருப்பி அனுப்பி, வாய்மொழித் தேர்வு வரை வருவதற்குள் கல்லூரி வேறொருவரை நிரந்தரமாக்கியிருந்தது.

தேர்வுக்கு வெளியூரில் இருந்து வந்திருந்த பேராசிரியர் நல்ல மனிதர், அதட்டவே இல்லை. என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, மேசை மேல் இருந்த இன்னோர் ஆய்வேட்டை என் பக்கம் தள்ளினார். அதே நெறியாளரின் அடுத்த மாணவர் சமர்ப்பித்தது. ஒரு முழு அத்தியாயத்துக்கும் அடிக்குறிப்பில் அந்த மாத இதழ், மாதம், பக்க எண் எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் படிப்பகத்துக்கு நன்றி. ஆய்வு செய்த காலம் என்று போட்டிருந்த வருஷம், நான் கணியூரில் நின்று அழுததற்கு அடுத்த வருஷம்.

நெறியாளரைப் பார்த்தேன். அவர் மிக்சர் தட்டில் இருந்து நிலக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார் அந்தப் பேராசிரியர், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா இந்தப் பையன் எவ்வளவு உழைச்சிருக்கான் பாரு. நீயும் ஒரு தடவை திருப்பூர் போய்ப் பாத்திருக்கலாமேம்மா?"